பழந்துணியும் பழந்தோலும்: மீண்டும் ஓர் உறி

எமது அம்மம்மாமார் காலத்து அடுக்களைகளில் உறி தொங்காத வீடு அபூர்வம். வளையிலிருந்து இறங்கும் தும்புக் கயிற்றுப் பின்னலில் தயிர்ச் சட்டியும் அதன்மேல் மோர்ச் சட்டியும் பூனைக்கும் எறும்புக்கும் எட்டாமல் ஆடிக்கொண்டிருக்கும். தென்னந்தும்பிலும் பனை நாரிலும் அதனைக் கட்டினார்கள். கண்ணன் வெண்ணெய் எடுத்த கதையில் வருவதும், இந்து சகோதரர்களின் உறியடி விழாவில் தொங்குவதும் இதுவேதான். பின்னர் அலுமாரி வந்தது, குளிர்சாதனப் பெட்டி வந்தது, உறி போயிற்று. இன்று அதே உறி கொழும்பிலே 'மக்ரமே' என்ற பெயருடன் கண்ணாடிக் கதவு போட்ட கடைகளில் பூச்சாடியைச் சுமந்துகொண்டு தொங்குகின்றது. அதன் விலைச் சீட்டைப் பார்த்த எமது மாதர் சங்கத் தலைவி, "இது எங்கட உறிதானே பாதர், இதுக்கா இவ்வளவு காசு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்துதான் இக்கட்டுரையில் நான் சொல்லப்போகும் வேலை ஆரம்பமாயிற்று.

வவுனியாவிலிருந்து மன்னார் செல்லும் வீதியை அண்டியது எமது பங்கு. யுத்தம் 2009இல் முடிந்தபின் மீளக் குடியமர்ந்த கிராமங்கள் இதிலே பல உண்டு. மாதர் சங்கத்தில் பதினெட்டுப் பேர். அவர்களுள் அரைவாசிக்கு மேற்பட்டோர் குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள். 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதையும், 2022இல் எரிபொருளுக்கும் மாவுக்கும் மருந்துக்கும் நாடு வரிசையில் நின்றதையும் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாண்டு யூனில், வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்கவும் அரசு தீர்மானித்தது. எமது பெண்களுக்கு விடுமுறை தர எவரும் இல்லை. ஆயினும் எல்லோருமே வீட்டு முற்றத்தில் கீரையும் மிளகாயும் புதினாவும் நட்டார்கள்.

நட்டதை ஆடு தின்றது. ஆட்டைக் கட்டினால் கோழி கிளறியது. கோழியை அடைத்தால் மயில் வந்தது. வன்னியில் நாற்று வைத்தவர்களுக்கு மயிலின் அழகைப் பற்றிப் பாடத் தோன்றாது. வேலியை உயர்த்தப் பணமில்லை. அப்போதுதான் சாடியைத் தூக்கித் தாழ்வாரத்தில் தொங்கவிட்டால் என்ன என்ற யோசனை வந்தது. (குரங்குக்கு இதுவும் தடையல்ல என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகின்றேன்.) கயிறு வாங்கவும் அக்காலத்தில் காசு இருக்கவில்லை. வீட்டில் இருந்தது பழந்துணி மாத்திரமே.

துணிக்கு எமது நாட்டில் பஞ்சமில்லை. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது முதல், 1992இல் அரசு ஆரம்பித்த 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் ஊடாக, யுத்தத்தின் பின் வடக்கில் வந்த கார்மண்டுகள் வரை, ஆடை தைப்பதே எமது பெரிய ஏற்றுமதித் தொழிலாக இருந்து வருகின்றது. எமது ஊர்ப் பெண்பிள்ளைகளும் விடியற்காலை பஸ்ஸில் அங்கே போகின்றார்கள். தைப்பதெல்லாம் கப்பலேறுகின்றது. பட்டினத்துத் தையற்கடைகளில் மிஞ்சும் வெட்டுத்துண்டும், வீட்டில் கிழிந்துபோகும் சாரமும் காற்சட்டையும் கடைசியில் கோடிப்புறத்துக் குப்பையில் பொலித்தீனோடு சேர்ந்து எரிகின்றன. பொலியெஸ்டர் துணி சாம்பலாவதில்லை. உருகிக் கட்டியாகி, மூச்சை அடைக்கும் கரும்புகையைத் தருகின்றது. எமது முன்னோர் சேலையை இப்படி எரித்ததில்லை. உடுத்திப் பழசானால் ஏணை, ஏணை பழசானால் தலையணை உறை, அதுவும் கிழிந்தால் அடுக்களையில் கைபிடித் துணி. யோசித்துப் பார்த்தால் ஏணையும் ஓர் உறிதான், அதிலே ஆடுவது தயிர்ச்சட்டி அல்ல, பிள்ளை.

முதலில் செய்தவை

நாம் முதலில் கட்டிய உறிகள் பார்வைக்கு மிகவும் அழகாக இருந்தன. பழைய சாரங்களை இரண்டு அங்குல அகலத்தில் நீளவாக்கில் கிழித்து, மூன்று மூன்றாகப் பின்னி, எட்டுப் பின்னல்களை ஓர் இரும்பு வளையத்தில் கட்டி, முடிச்சுமேல் முடிச்சுப் போட்டு வலைபோலச் செய்தோம். சிலர் பழைய ரீ சேர்ட்டுகளை நாடாவாக வெட்டினார்கள். அந்தத் துணியைப் பிடித்து இழுத்தால் அது தானே சுருண்டு கயிறுபோல ஆகிவிடும், பின்ன வேண்டியதே இல்லை. ஆனால் அதில் தொங்கிய சாடி நாளுக்கு நாள் கீழே இறங்கியது. இழுபடும் துணி பாரத்தைத் தாங்காது என்று அப்போது கற்றோம். பன்னம் வைத்த சிறு சிரட்டைக்கு அது போதும், மண்சாடிக்கு ஆகாது.

சாடியின் அடியில் வைப்பதற்கு உரமான ஏதாவது வேண்டும் என்று, பழைய கைப்பைகளிலிருந்து தோலை வெட்டி வட்டமாகத் தைத்தார்கள். நூல் நானே வாங்கிக் கொடுத்தது. மலிவான பருத்தி நூல்.

அவ்வாண்டு வாடை பெய்து முடிவதற்குள் பன்னிரண்டு உறிகளில் ஐந்து அறுந்து விழுந்தன. அவற்றில் ஒன்று பங்குமனை விறாந்தையில் நான் தொங்கவிட்டது. நள்ளிரவில் அது எனது மோட்டார்ச் சைக்கிளின் இருக்கைமேல் விழுந்து சாடி நொறுங்கியது. பகலில் விழுந்திருந்தால் அவ்விடத்தில் மறைக்கல்விக்கு வந்த பிள்ளைகள் இருந்திருப்பார்கள் என்ற நினைவு என்னை நெடுநாள் விடவில்லை. கைப்பை 'தோல்' என்று நாம் நம்பியதில் பாதி தோலே அல்ல. ரெக்சின். அதன் மேற்பூச்சு வெயிலில் பொருக்காக உரிந்துவிட்டது.

உடைந்த உறியை எடுத்துக்கொண்டு, பட்டினத்தில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மரநிழலில் இருந்து சப்பாத்துத் தைக்கும் ஐயாவிடம் போனேன். எனது சப்பாத்தைப் பல தடவை தைத்துத் தந்தவர். அவர் உறியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குத்தூசி முனையால் ஒரு தையலைக் கிளறினார். நூல் தூளாக வந்தது.

"தோல் இருக்கும் சுவாமி, துணியும் கொஞ்சக் காலம் இருக்கும். நூல்தான் முதல்ல போகும்" என்றார்.

அரை மணி நேரத்தில் அவர் எனக்குச் சொன்னவை, மூன்று மாதத்தில் நாம் சாடிகளை உடைத்துக் கற்றதிலும் அதிகம். மெய்யான தோலின் வெட்டுமுகத்தைப் பார்த்தால் தும்பு தும்பாக நார் தெரியும், ரெக்சினின் வெட்டுமுகத்தில் மேலே பிளாஸ்டிக் பூச்சும் கீழே நெய்த துணியும் இரு படையாகத் தெரியும். சந்தேகமானால் ஓரத்தில் மயிரளவு வெட்டிச் சுட்டுப் பார்க்கலாம், தோல் என்றால் தலைமயிர் கருகும் நாற்றம் வரும். (ரெக்சினை இப்படிச் சோதிப்பதானால் வெளியிலே செய்யுங்கள். அந்தப் புகை நல்லதல்ல.) பருத்தி நூல் ஈரத்தில் உக்கிப்போகும், தோலோடு சேர்ந்தால் இன்னும் விரைவில் போகும். எனவே நைலோன் அல்லது பொலியெஸ்டர் நூல் வேண்டும். கரையோரத்துப் பங்குகளில் இருப்பவர்களுக்கு வலை பொத்தும் நூலே போதும். நூலுக்கு மெழுகு பூசினால் இன்னும் நல்லது. மெழுகுக்கு எமக்கு என்ன குறை? பலிபீடத்தில் எரிந்து மிஞ்சும் மெழுகுதிரிக் கட்டைகள் அன்றிலிருந்து மாதர் சங்கத்துக்குப் போகின்றன.

இன்னொன்றும் செய்து காட்டினார். கிழிந்த சப்பாத்தொன்றிலிருந்து உள்ளங்கையளவு வட்டத் தோலை எடுத்து, ஓரத்தில் கத்தியை வைத்துச் சுற்றிச் சுற்றி நத்தைச் சுருளாக வெட்டிக்கொண்டே போனார். கடைசியில் அவர் கையில் நீண்ட தோல் நாடா இருந்தது. நான்கு அங்குல விட்டமுள்ள வட்டத்தைக் கால் அங்குல அகலத்தில் இவ்வாறு வெட்டினால் ஏறக்குறைய நான்கு அடி நாடா கிடைக்கும். குருமடத்தில் வேர்ஜிலின் காவியத்தைப் பற்றிப் படித்தபோது, கார்த்தேஜ் நகரை நிறுவிய டைடோ அரசி ஓர் எருதின் தோலால் சுற்றி வளைக்கக்கூடிய நிலத்தை வாங்கிய கதையைக் கேட்டிருக்கின்றேன். தோலை மெல்லிய நாடாவாக வெட்டி ஒரு குன்றையே வளைத்தாளாம். அந்தக் கதையின் வித்தை எனக்கு விளங்கியது பஸ் நிலையத்தில்தான்.

கிளாஸும் குவளையும்

ஐயாவை எமது சங்கத்துக்கு வந்து கற்றுக்கொடுக்கும்படி கேட்டேன். வந்தார். இங்கே நான் சொல்லத் தயங்கும் ஒரு விடயத்தைச் சொல்லத்தான் வேண்டும்.

முதல் நாள் வகுப்பின் முடிவில் எல்லோருக்கும் தேநீர் வந்தது. எமக்குக் கண்ணாடிக் கிளாஸில் வந்தது. அவருக்கு மட்டும், குடித்துவிட்டு எறியும் பிளாஸ்டிக் குவளையில். யாரும் ஒன்றும் பேசவில்லை. அவரும் குடித்துவிட்டு, குவளையைத் தானே கொண்டுபோய்க் குப்பையில் போட்டார். நானும் எனது கிளாஸைக் குடித்து முடித்தேன் என்பதையும் எழுதிவிடுகின்றேன். தோலைத் தொடும் கைக்குத் தனிக் குவளை என்ற வழக்கம் எமது ஊர்களில் செத்துவிட்டது என்று கூட்டங்களில் நாம் பேசுவதுண்டு. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் இந்நாட்டில் 1957இலேயே வந்துவிட்டது. நாம் எல்லோரும் ஒரே அப்பத்தில் பங்குகொள்கின்றோம் என்று ஞாயிறுதோறும் நானே பிரசங்கிக்கின்றேன்.

அன்றிரவு திருத்தூதர் பணி நூலை எடுத்து ஒன்பதாம் பத்தாம் அதிகாரங்களை மீண்டும் வாசித்தேன். யோப்பாவில் கைம்பெண்களுக்கு உடை தைத்துக் கொடுத்த தபித்தாவைப் பேதுரு உயிர்ப்பித்த நிகழ்ச்சி எமது மாதர் சங்கங்களுக்கு நன்கு தெரிந்ததே. அதன் பின் பேதுரு அந்நகரில் யார் வீட்டில் தங்கினார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தோல் பதனிடும் சீமோன் என்பவர் வீட்டில், கடற்கரையில். செத்த விலங்கின் தோலைத் தொடும் அத்தொழிலை அன்றைய யூத சமூகம் இழிவாகவே கருதியது. அந்த வீட்டின் மேல்தளத்தில் இருக்கும்போதுதான், நான்கு முனையிலும் பிடித்து வானத்திலிருந்து இறக்கப்படும் ஒரு பெரிய துணியை அவர் காட்சியில் கண்டார். எந்த மனிதரையும் தீட்டுள்ளவர் எனச் சொல்லலாகாது என்பதை அதிலிருந்து கற்றார். நான்கு முனையில் தொங்கும் துணி! அதே வடிவத்தைத்தான் நாமும் தைத்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த வகுப்பில், எனக்கும் பிளாஸ்டிக் குவளையிலே தாருங்கள் என்று மட்டும் சொன்னேன். தேநீர் கொண்டு வந்த பிள்ளையின் முகம் சிவந்துவிட்டது. அதற்குப் பிறகு ஐயாவுக்குக் கிளாஸ் வந்தது. கழுவியபின் அந்தக் கிளாஸ் எந்த வரிசையில் கவிழ்க்கப்படுகின்றது என்பதை நான் போய்ப் பார்க்கவில்லை.

செய்யும் முறை

இப்பொழுது நாம் செய்வது ஐயாவும் பெண்களும் சேர்ந்து கண்டுபிடித்த வடிவம். முடிச்சு இல்லை. ஓர் உறிக்கு வேண்டியவை: பெரியவர் அணிந்த பழைய டெனிம் காற்சட்டை ஒன்று, ஐந்து அங்குல வட்டமும் நான்கு அங்குல வட்டமும் வெட்டக்கூடிய மெய்த்தோல், ஒன்றரை அங்குல இரும்பு வளையம் ஒன்று, மெழுகு பூசிய நைலோன் நூல். வாய் ஆறு அங்குலமுள்ள சாடிக்கு இந்த அளவு பொருந்தும்.

டெனிம் காற்சட்டையில் துணி தேய்ந்து கிழிந்தாலும் கால்களின் பக்கத் தையல்கள் கிழிவதில்லை. அங்கே துணி பல மடிப்பாக இருக்கின்றது. ஒவ்வொரு காலிலும் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக நான்கு தையல்கள் உண்டல்லவா? அத்தையல் நடுவில் வரும்படி இரு புறமும் அரை அங்குலம் விட்டு வெட்டி எடுங்கள். தைக்காமலே நான்கு வார் கிடைத்துவிடும். நான்கையும் முப்பது அங்குலத்துக்குச் சமனாக்குங்கள். ஓரத்தில் நூல் பிரியாதிருக்க ஒரு தடவை சுற்றித் தைத்துவிடுங்கள். அதற்கு முன் துணியைக் கொதிநீரில் ஊறவைத்துக் கழுவிக் காயவிடுவது அவசியம்.

ஐந்து அங்குலத் தோல் வட்டத்தில் விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே, நான்கு திசையிலும் வாரின் அகலத்துக்கு ஒவ்வொரு கீறல் போடுங்கள். கீறலின் இரு முனையிலும் குத்தூசியால் ஒரு சிறு வட்டத் துளை போட்டபின் இடையில் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் கீறல் நாளடைவில் விளிம்பு வரை கிழிந்துகொண்டு போகும். ஒவ்வொரு வாரையும் மேலிருந்து கீறலினூடாக இறக்கி, தோலின் அடிப்புறத்தில் எதிர்ப்பக்கத்து வாருக்கு மேல் நான்கு அங்குலம் படியவிட்டு, இரண்டையும் தோலோடு சேர்த்துச் சதுரமாகவும், சதுரத்துக்குள் குறுக்காகவும் தையுங்கள். இவ்வாறு செய்தால் சாடியின் பாரம் தோலின் விளிம்பில் விழாது, அடியில் சிலுவைபோல் குறுக்கே போகும் வார்களில் விழும். நாம் முதலில் செய்த தவறு இதுதான். வாரைத் தோலின் ஓரத்தில் ஒட்டினாற்போல் தைத்துவிட்டு, முழுப் பாரத்தையும் நூலின்மேல் சுமத்தினோம்.

நான்கு வார்களின் மேல் முனைகளையும் வளையத்தினூடாக எடுத்து மூன்று அங்குலம் மடித்துத் தைத்தால் உறி முடிந்தது. ஒன்று மட்டும் மிச்சம். காற்றடித்தால் சாடி வார்களுக்கிடையே சாய்ந்து விழக்கூடும். அதற்குத்தான் நான்கு அங்குல வட்டத்திலிருந்து சுருளாக வெட்டிய நாடா. அடியிலிருந்து நான்கு அங்குல உயரத்தில் ஒவ்வொரு வாரிலும் சிறு துளையிட்டு, நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிவிடுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் இந்த நாடா இல்லாத உறி சாடியைக் காப்பாற்றாது.

தொங்கவிடுமுன் சோதனை அவசியம். ஈரமண் நிறைந்த ஆறு அங்குல மண்சாடி நான்கு கிலோ வரை நிற்கும். பத்து லீற்றர் தண்ணீர் நிரப்பிய வாளியை உறியின் வளையத்தில் இருந்தல்ல, உறிக்குள் வைத்து ஓர் இரவு தொங்கவிடுங்கள். அதைத் தாங்காத உறியை எவருக்கும் விற்கவோ கொடுக்கவோ வேண்டாம். மண்ணில் பாதிக்குத் தும்புத்தூள் கலந்தால் பாரமும் குறையும், ஈரமும் நிற்கும். கொழுக்கியை வளையிலே போடுங்கள், ஓடு அல்லது சீற் தாங்கும் ரீப்பையில் போடாதீர்கள். மீள்குடியேற்ற வீடுகளில் ரீப்பைகள் மிகவும் மெலிந்தவை.

சாடிக்கும் தோலுக்கும் இடையில் ஒரு தட்டு வைத்தால் தோல் நனையாது என்று சிலர் வைத்தார்கள். தட்டில் தண்ணீர் தேங்கினால் நுளம்பு வளரும். 2017இல் மாத்திரம் இந்நாட்டில் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்கினால் பாதிக்கப்பட்டார்கள். அந்நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை அடைய ஏறத்தாழ ஒரு வாரம் போதும். எனவே தட்டு வேண்டாம். சாடியை உறியிலிருந்து எடுத்து, தண்ணீர் விட்டு, வடியவிட்டு, மீண்டும் வையுங்கள். இது சிரமம்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் உறியின் தையலைக் கண்ணால் பார்க்க ஒரு சந்தர்ப்பம் கிடைக்கின்றது. தோலில் பூஞ்சணம் பிடித்தால் ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவிட்டு, சிறிது தேங்காயெண்ணெய் பூசலாம். வெயிலில் காயவிட்டால் தோல் விறைத்து வெடிக்கும்.

விலை என்ன?

முற்றத்துக் கீரைக்கென்று செய்த உறியை விற்கலாம் என்ற எண்ணம் வந்தபோதுதான் உண்மையான சிக்கல் ஆரம்பித்தது.

அழகுப் பொருட்கள் விற்கும் ஒரு கடைக்காரர் எமது பழைய முடிச்சு உறியைப் பார்த்துவிட்டு 400 ரூபா தருவதாகச் சொன்னார். மாதம் முப்பது எடுப்பாராம். சங்கத்தில் பெரும் மகிழ்ச்சி. ஆனால் கூட்டத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கூலிக்குப் போகும் பெண்ணுக்கு எட்டு மணி நேரத்துக்கு 1,600 ரூபா என்று வைத்தால் மணிக்கு 200. முடிச்சு உறிக்கு மூன்று மணி நேரம் செல்லும், அதற்கு 600. வளையம் 60. நூலும் பிறவும் 40. தோல் வேலைக்கு 50. ஆக 750 ரூபா. 400க்குக் கொடுத்தால் செலவு போக 250 மிஞ்சும், அதாவது மணிக்கு 83 ரூபா. வெயிலில் நின்று களை பிடுங்குவதன் பாதிக் கூலிகூட இல்லை. கடைக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் தந்த மறுமொழி: "என்ன பாதர், குப்பையில செய்த சாமான்தானே. துணிக்கு உங்களுக்கு ஒரு சதமும் செலவில்லையே."

இதனைக் கூட்டத்தில் நான் சொல்லவும் பெண்கள் கொதித்துப் போனார்கள். துணி சும்மா வந்தது, எங்கட கையும் சும்மா வந்ததா என்று கேட்டார்கள். தொழிலாளிக்கு நியாயமான ஊதியம் பற்றித் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் விடுத்த சுற்றுமடலை விளக்க இதைவிட நல்ல நேரம் வராது என்று எண்ணி நான் வாயைத் திறந்தேன். அதற்குள், மூலையிலே பேசாமல் இருந்த வயதான அக்கா ஒருவர் முந்திக்கொண்டார்.

"தோல் வேலைக்கு ஐம்பது எண்டு நாங்கள் எப்பிடிப் போட்டனாங்கள்?"

ஒருவரும் பதில் சொல்லவில்லை. அவரே சொன்னார். "அண்டைக்கு இதே இடத்தில இருந்து, எறிஞ்ச சப்பாத்துத் தோல்தானே, வெட்டுற வேலைதானே, ஐம்பது காணும் எண்டு சொன்னனாங்கள். நாங்கள் அந்த மனிசனுக்குச் சொன்னதைத்தான் கடைக்காரன் எங்களுக்குச் சொல்லுறான்."

அந்த ஐம்பது ரூபாவைத் தீர்மானித்த கூட்டத்தில் தலைமை வகித்தது நான். சுற்றுமடலைப் பற்றி அன்று நான் பேசவில்லை.

வட்டம் வெட்டி, கீறல் போட்டு, நாடா சுருள் எடுக்க ஐயாவுக்கு அரை மணிக்கு மேல் செல்கின்றது. கத்தியும் குத்தூசியும் அவருடையவை. அதைவிட, அவருடைய கைப்பழக்கம் இல்லாமல் எமது உறி நிற்காது. அன்று தோல் வேலைக்கு 150 ரூபா என்று முடிவாயிற்று. கடைக்காரரின் பேரம் கைவிடப்பட்டது. இரண்டு பெண்களுக்கு இதில் விருப்பமில்லை. மாதம் முப்பது உறிக்கு வந்த காசை விட்டுவிட்டோமே என்று அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. வீட்டில் அரிசி இல்லாதவருக்கு மணிக்கு 83 ரூபாவும் காசுதான். அவர்களுள் ஒருவர் பின்னர் சங்கத்தை விட்டு விலகிவிட்டார். அவர் இப்போது தனியாக அந்தக் கடைக்கு முடிச்சு உறி செய்து கொடுக்கின்றார் என்று அறிகின்றேன். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விலையை உயர்த்த முடியாவிட்டால் நேரத்தைக் குறைக்கலாம் என்ற யோசனையிலிருந்துதான் மேலே விவரித்த டெனிம் வார் உறி பிறந்தது. கை பழகியவருக்கு ஒன்றேகால் மணி நேரம் போதும். அதற்கு 250, வளையமும் நூலும் 100, தோல் வேலை 150, ஆக 500 ரூபா. 650க்கு விற்கின்றோம். மிச்சம் 150 போக்குவரத்துக்கும் பழுதாகும் உறிகளுக்கும் சங்க நிதிக்கும் போகின்றது. நிறைய விற்பதில்லை. பங்குத் திருவிழாக்களிலும், தெரிந்த கன்னியர் மடங்களின் ஊடாகவும் சில சில போகின்றன.

நாம் எதிர்பாராத சந்தை ஒன்று மடுவில் கிடைத்தது. ஆவணித் திருவிழாவுக்கு நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் மக்கள் வந்து, கூடாரமடித்து, மரங்களின் கீழே பல நாட்கள் தங்கி, 15ஆம் திகதித் திருப்பலியோடுதான் திரும்புவார்கள். சிறு கொட்டில் போட்டு உறிகளை அதில் செடியோடு தொங்கவிட்டோம். செடியை எவரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. யாத்திரைக்கு வந்தவர் சாடியைச் சுமந்துகொண்டு வீடு போவாரா? இரண்டாம் நாள் நீர்கொழும்புப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாயார், செடியை எடுத்துவிட்டு உறியை மட்டும் தரும்படி கேட்டார். வாங்கிக்கொண்டு போய் மரக்கிளையில் கட்டி, சோற்றுச் சட்டியை அதில் வைத்தார். நாய்க்கும் எறும்புக்கும் எட்டாமல். அன்று மாலைக்குள் அந்தப் பக்கத்துக் கூடாரங்களில் எல்லாம் எமது உறி தொங்கியது. கொண்டுபோன நாற்பதும் முடிந்துவிட்டன. அம்மம்மாமார் உறியை எதற்குக் கட்டினார்களோ, அதற்கே அது திரும்பிப் போயிற்று.

ஐயாவும் மடுவுக்கு வந்திருந்தார். கொட்டிலின் ஒரு பக்கத்தில் சாக்கை விரித்து, யாத்திரிகரின் அறுந்த செருப்புகளைத் தைத்துக் கொடுத்தார். உறி விற்ற பெண்களுக்கும் அவருக்கும் ஒரே சட்டியில்தான் சோறு வந்தது. காட்டுக்குள் அது எளிது. ஊருக்குள் எப்படி என்று இனித்தான் பார்க்க வேண்டும்.

திரும்பி வந்து கணக்கு எழுதும்போது அவர் என்னிடம் ஒன்று கேட்டார். சங்கக் கணக்குப் புத்தகத்தில் அவருக்குக் கொடுக்கும் பணம் வளையம், நூல் என்பவற்றுக்குக் கீழே 'செலவு' என்ற தலைப்பில் எழுதப்பட்டு வருகின்றது. உறுப்பினர்களின் பணமோ 'வேலைப் பங்கு' என்ற தலைப்பில் வருகின்றது. "என்ர பேரையும் அந்தப் பக்கத்தில எழுத ஏலாதோ சுவாமி?" என்றார். மாதர் சங்கத்தின் யாப்பின்படி ஆண் ஒருவர் உறுப்பினராக முடியாது. அவருடைய மனைவி சேரலாம். அவரும் இப்போது சுருள் வெட்டப் பழகியிருக்கின்றார். உறுப்புரிமைக்கான விண்ணப்பத்தில் இரண்டு உறுப்பினர்கள் முன்மொழிந்து கையொப்பமிட வேண்டும். மூலையில் இருந்த அந்த அக்கா ஒரு கையொப்பம் இட்டுவிட்டார். இரண்டாவது கையொப்பத்துக்கான இடம் இதை எழுதும்வரை வெறுமையாகவே இருக்கின்றது. அடுத்த கூட்டம் வரும் மாதத்து முதற் சனிக்கிழமை.